இ-கேட் ஆவி உலர்ந்ததா, ஈரமா? அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்

கொதிகலன்72:

பக்கத்து இழையில் பொருநை என்பவர் எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன்.

» குளிர் இணைவு, அதாவது சாதாரண வெப்பநிலையிலேயே அணுக்கருக்கள் இணைவது, நடக்காது என்பவர்கள் 2011இல் தூங்கிக்கொண்டிருந்தார்களா? இத்தாலியின் போலோக்னாவில் ஆண்ட்ரியா ரோசி தன் இ-கேட் கருவிக்கு 300 வாட் மின்சாரம் கொடுத்து 4 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் எடுத்தார். சுவீடன் பேராசிரியர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கிவிட்டன. கதை முடிந்தது.

எங்கே முடிந்தது? நான் அணு விஞ்ஞானி இல்லை. நிக்கலும் ஹைட்ரஜனும் சேருமா சேராதா என்பது எனக்கு வேண்டாத வேலை. பாய்லர் ஹவுஸில் தலை நரைத்தவன், எனக்குத் தெரிந்தது நீராவி.

நீங்கள் சொல்லும் சோதனை 2011 மார்ச் 29இல் நடந்தது. குல்லாண்டர், எசேன் இருவரும் எழுதிய அறிக்கை. மணிக்கு 6.47 கிலோ தண்ணீர் 18 டிகிரியில் உள்ளே போகிறது. ஒரு கிலோவை 18லிருந்து 100க்கு ஏற்ற 343 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை முழுக்க ஆவியாக்க மேற்கொண்டு 2257 கிலோஜூல் வேண்டும். உள்ளே போன தண்ணீர் அத்தனையும் உலர்ந்த ஆவியாக வெளியே வந்தால்தான் நீங்கள் சொல்லும் 4 கிலோவாட் சொச்சம். கொதித்துத் தெறித்து, தண்ணீரும் ஆவியும் கலந்து ஓடியிருந்தால் கணக்கு அங்கேயே படுத்துவிடும். எட்டில் ஏழு பங்கு வெப்பம் ஒரே கேள்வியில் தொங்குகிறது: ஆவி உலர்ந்ததா?

அதை எதை வைத்துப் பார்த்தார்கள்? காற்றின் ஈரப்பதம் பார்க்கிற மீட்டரை வைத்து. எங்கள் ஆலையில் ஒருவன் அந்த மீட்டரை எடுத்துக்கொண்டு ஸ்டீம் லைன் பக்கம் வந்திருந்தால் ஃபோர்மேன் அவனை கேன்டீனுக்கு அனுப்பியிருப்பார்.

பொருநை:

எனக்கென்றே தனி இழையா, நன்றி ஐயா. பெருமையாக இருக்கிறது.

எசேன் யார் என்று தெரியுமா? சுவீடனின் சந்தேகவாதிகள் அமைப்புக்குத் தலைவராக இருந்தவர். போலி விஞ்ஞானத்தைக் கிழிப்பதே அந்த அமைப்பின் வேலை. குல்லாண்டர், அப்போது சுவீடன் ராயல் அறிவியல் அகாதமியின் எரிசக்திக் குழுத் தலைவராக இருந்தவர். இவர்களுக்கெல்லாம் தெரியாதது உங்கள் ஃபோர்மேனுக்குத் தெரிந்துவிட்டது.

அறிக்கையைப் படித்தீர்களா, இல்லை யாரோ சொன்னதைச் சொல்கிறீர்களா? ஆவியில் ஆவியாகாத தண்ணீர் எவ்வளவு என்று கால் மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்த்திருக்கிறார்கள். 1.4, 1.3, 1.2 விழுக்காடு.

கொதிகலன்72:

மூன்று எண்ணும் அழகாக இருக்கின்றன. எதில் 1.4 விழுக்காடு? எடையிலா, கொள்ளளவிலா? இதைக் கேட்காமல் கை தட்டினால் எப்படி?

100 டிகிரியில் ஒரு கிலோ ஆவி பிடிக்கிற இடம் 1.67 கன மீட்டர். அதே ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர் சொச்சத்தில் அடங்கிவிடும். ஆக, கொள்ளளவில் 1.4 விழுக்காடு தண்ணீர் இருந்தால் எடையில் அது நூற்றுக்கு 95க்கு மேல். பேப்பர் பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். 98.6 விழுக்காடு ஆவி போலத் தெரிவது உண்மையில் சுடுதண்ணீர்.

ஈரப்பத மீட்டருக்கு எடை தெரியாது. கொள்ளளவும் தெரியாது. சுற்றியிருக்கும் வாயுவில் எவ்வளவு நீராவி கலந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். மிதக்கிற துளி அதன் கண்ணுக்கே படாது. எடையில் எத்தனை பங்கு உலர்ந்த ஆவி என்கிற ட்ரைனெஸ் ஃப்ராக்‌ஷன் பார்க்க த்ராட்லிங் கலோரிமீட்டர் என்று ஒன்று பாட்டன் காலத்திலிருந்தே இருக்கிறது.

சந்தேகப்பிராணி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எதை இணைவு என்கிறோம் என்று முதலில் ஒரு முடிவுக்கு வரலாமே? 1989இல் ஃபிளெய்ஷ்மனும் பான்ஸும் சொன்னது பல்லேடிய உலோகத்துக்குள் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் இணைவது. ரோசி சொல்வது நிக்கலில் சாதாரண ஹைட்ரஜன் புகுந்து தாமிரமாவது. இரண்டும் ஒன்றில்லை. இப்போது சிலர் இரண்டையும் எல்.இ.என்.ஆர். (குறைந்த ஆற்றல் அணுக்கருவினை) என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல்...

கொதிகலன்72:

நான் ஆவியைப் பற்றிப் பேசுகிறேன். தலைப்பைப் பார்க்கவும்.

பொருநை:

ஆவியே பேசுவோம். நீங்கள் சொல்வது போல ஒரு துளி கூட ஆவியாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வெறும் சுடுதண்ணீர். 6.47 கிலோவை 18லிருந்து 100க்கு ஏற்ற எவ்வளவு வேண்டும்? உங்கள் 343ஐயே போடுங்கள். 617 வாட். கொடுத்தது 300 வாட். 300 வாட்டுக்குத் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. அறிக்கையிலேயே இருக்கிறது: 60 டிகிரி வரை மெதுவாக ஏறியது, பிறகு விசுக்கென்று எகிறியது. மீதி வெப்பத்தை யார் கொடுத்தார்கள், உங்கள் ஃபோர்மேனா?

617 எங்கே, 300 எங்கே? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கொதிகலன்72:

பார்த்தீர்களா, 4 கிலோவாட்டில் ஆரம்பித்தவர் 617 வாட்டுக்கு இறங்கிவிட்டார். இன்னும் இரண்டு பதிவு போனால் டார்ச் லைட் பேட்டரிக்கு வந்துவிடுவார்.

அந்த மீட்டர் ஆவிக்கு ஏற்றதா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.

பொருநை:

617. 300. ஆம் அல்லது இல்லை.

வடமராட்சி:

அண்ணை, நான் கனநேரமா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். ரெண்டு பேரும் மார்ச் மாசத்திலயே நிக்கிறியள். அந்த வருசம் ஒக்டோபர் 28 நடந்ததை ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை? ரோசி ஒரு மெகாவாட் எண்டு சொல்லி ஒரு கொண்டெய்னர் நிறைய அடுக்கி வச்சுக் காட்டினவர். ஓடினது அரைவாசியும் இல்லை. ஓடின நேரம் முழுக்க ஜெனரேட்டர் பக்கத்தில வயரோட நிண்டது. வாங்கின ஆள் ஆர் எண்டு இண்டைக்கு வரைக்கும் பேர் சொல்லேல்லை. தானே ஓடுற சாமானுக்கு ஜெனரேட்டர் ஏன் எண்டு கேட்டால் பாதுகாப்புக்காம்.

பொருநை:

வந்துவிட்டார் அடுத்தவர். பாதுகாப்புக்கு ஜெனரேட்டர் வைக்காத தொழிற்சாலை ஒன்றைக் காட்டுங்கள்.

வடமராட்சி:

வைக்கலாம். ஓஃப் பண்ணி வைக்கலாம் தானே.

கொதிகலன்72:

ஜெனரேட்டரை விடுங்கள் தம்பி. அன்றைக்கும் வெப்பத்தை ஆவியாகத்தான் கணக்குப் போட்டார்கள். அங்கேயும் அதே கேள்விதான். ஆவி உலர்ந்ததா? யார் பார்த்தது?

பொருநை:

வெப்பநிலை 100க்கு மேலே, 101 வரை காட்டியது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100இல் கொதிக்கும் என்பது ஆறாம் வகுப்பு. அதைத் தாண்டினால் உலர்ந்த ஆவிதானே? இதற்கு மீட்டரே தேவையில்லை.

கொதிகலன்72:

ஆறாம் வகுப்பு. அங்கேயே நின்றுவிட்டீர்கள் என்பது தெரிகிறது.

வெளிப்போக்குக் குழாயில் ஒன்றேகால் அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றாலே அந்த அழுத்தத்தில் கொதிநிலை ஒரு டிகிரி ஏறிவிடும். 101இல் தண்ணீரும் ஆவியும் சேர்ந்தே இருக்கும், சுகமாக இருக்கும். உலர்ந்த ஆவி என்றால் 110, 120 என்று சூப்பர்ஹீட்டில் காட்டியிருக்க வேண்டும். இது அப்படி எகிறவில்லை, கொதிநிலையை ஒட்டியே கிடந்தது. உள்ளே தண்ணீர் மிச்சம் இருக்கும்வரை வெப்பநிலை ஏறாது. இட்லிக் குண்டானில் அடுப்பை எவ்வளவு தூக்கினாலும் தண்ணீர் வற்றுகிற வரை இட்லி கருகாது. அதே சங்கதி.

ஜூன் மாதம் ஸ்டீவன் கிரிவிட் என்ற பத்திரிகையாளர் நேரில் போய் வீடியோ எடுத்தார். மணிக்கு 7 கிலோ தண்ணீர் என்கிறார் ரோசி. அத்தனையும் ஆவியானால் விநாடிக்கு 3 லிட்டருக்கு மேல் ஆவி சீறிக்கொண்டு வர வேண்டும். பக்கத்தில் நின்று பேச முடியாது, கை வைத்தால் தோல் உரியும். ரோசி குழாய் முனையைத் தூக்கிக் காட்டுகிறார். பீடிப் புகை மாதிரி மெல்ல வருகிறது. பாய்லர் பக்கம் ஒரு ஷிஃப்ட் நின்றவன் எவனும் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க மாட்டான்.

பொருநை:

நீளமான ரப்பர் குழாய். வழியில் குளிர்ந்து தண்ணீராகும். இது கூடத் தெரியாமல் ஸ்டீம் லைனில் வேலை பார்த்தீர்களா?

கொதிகலன்72:

சில மீட்டர் ரப்பர் குழாய் காற்றில் கிடந்தால் சில நூறு வாட் போகும், அதிகபட்சம். நாலரை கிலோவாட் ஆவியை அது விழுங்கிவிடுமா? நீங்கள் ஸ்டீம் ட்ராப் பார்த்ததுண்டா? படமாவது?

மின்பகுளி:

இந்தச் சண்டை எனக்குப் பழைய சண்டை மாதிரியே இருக்கிறது. 1989 மார்ச் 23இல் யூட்டாவில் ஃபிளெய்ஷ்மனும் பான்ஸும் அறிவித்த பிறகு நடந்ததும் இதுதான். மே 1இல் பால்டிமோர் கூட்டத்தில் கால்டெக்கின் நேதன் லூயிஸ் எழுந்து, அவர்கள் மின்பகுப்புக் கலத்துத் தண்ணீரைக் கலக்கவே இல்லை, ஓரிடத்தில் சூடு, ஓரிடத்தில் குளிர், தெர்மாமீட்டர் எங்கே வைத்தார்களோ அந்தக் கணக்கு என்று கிழித்தார். அடுத்த வாரம் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிளெய்ஷ்மன் ஒரு படம் போட்டுக் காட்டினார். கலத்தில் சிவப்புச் சாயத்தை விடுகிறார்கள், மின்பகுப்பில் எழும் குமிழிகளே கலக்கி, கொஞ்ச நேரத்தில் சாயம் எங்கும் பரவிவிடுகிறது. அப்புறமும் கலக்கினாயா கலக்கவில்லையா என்பதுதான் பேச்சு. நியூட்ரான் பேச்சு பின்னால் போய்விட்டது.

சந்தேகப்பிராணி:

அதுதான் நான் சொல்ல வந்தது. டியூட்டீரியம் இணைவில் 1 வாட் வந்தால் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நியூட்ரான் வெளியே வர வேண்டும். பக்கத்தில் நின்ற ஆராய்ச்சி மாணவர் உயிரோடு இருக்க முடியாது. கலக்கினார்களா இல்லையா என்பதைவிட, அவர் உயிரோடு இருந்ததே பெரிய சான்று.

ரோசி கதைக்கு வந்தால், கருவியில் தீர்ந்த நிக்கல் தூளில் பத்து விழுக்காடு தாமிரம் இருந்தது என்றார்கள். சரி. அந்தத் தாமிரத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் எடை மாறும் அணு வகைகள்) விகிதம் மண்ணில் தோண்டி எடுக்கும் தாமிரத்தின் விகிதமாகவே இருந்தது. நிக்கலிலிருந்து அணுக்கருவினையில் பிறந்த தாமிரம் அந்த விகிதத்தில் பிறக்க வழியே இல்லை. நிக்கலின் ஐசோடோப்பு விகிதம் அப்படி அமையவில்லை. ஒரு தாமிரக் கம்பியிலிருந்து சுரண்டிப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. இதைவிட வேறென்ன வேண்டும்?

கொதிகலன்72:

ஐசோடோப்பெல்லாம் நமக்கு வேண்டாம். யாரும் வீட்டில் பார்க்க முடியாது. ஆவியை எவனும் பார்க்கலாம்.

மின்பகுளிக்கு: கலக்கினாலும் கலக்காவிட்டாலும் அங்கே ஆவி இல்லை. இந்த இழை ஆவிக்கு.

சந்தேகப்பிராணி:

ஐயா, நான் உங்கள் பக்கம்தான் பேசுகிறேன்.

கொதிகலன்72:

என் பக்கம் பேசுகிறவர் ஆவியைப் பற்றிப் பேச வேண்டும்.

பொருநை:

சிரிப்புதான் வருகிறது. நியூட்ரான் இல்லை என்று அமெரிக்காக்காரன் சொன்னால் வேதம். 1989இல் டிராம்பேயில் நம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி.கே. ஐயங்கார் இயக்குநராக இருந்தபோது பல குழுக்கள் தனித்தனியாக இந்தச் சோதனையைச் செய்தன. நியூட்ரானும் கண்டார்கள், டிரிட்டியம் என்ற இன்னும் கனமான ஹைட்ரஜனும் கண்டார்கள். அறிக்கையாகவே வெளியிட்டார்கள். ஐயங்கார் அடுத்து அணுசக்தி ஆணையத்துக்கே தலைவரானார். 1974 பொக்ரான் சோதனையில் முக்கியப் பங்கு வகித்தவர். அவருக்கு நியூட்ரான் எண்ணத் தெரியாதா? 2011 பிப்ரவரியில் இதற்கான 16ஆவது உலக மாநாடு நம் சென்னையில்தான் நடந்தது. ரோசியின் முதல் போலோக்னா காட்சி முடிந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. நம் ஆள் செய்தால் நாம்தான் முதலில் கல்லெறிவோம்.

சந்தேகப்பிராணி:

ஐயங்கார் மேல் யாரும் கல்லெறியவில்லை. அந்த டிரிட்டியக் கணக்குப்படி நியூட்ரானைவிட டிரிட்டியம் கோடி மடங்குக்கு மேல். தெரிந்த இணைவில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி வர வேண்டும். அதனால்தான் மற்றவர்கள் நம்பத் தயங்கினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கேயே அந்த வேலை நின்றுபோனது. அப்புறம், ஐயங்கார் பல்லேடியத்தில் பார்த்தது ரோசியின் நிக்கலுக்கு எப்படிச் சான்றாகும்? அதற்குத்தான் எதை இணைவு என்கிறோம் என்று முதலிலேயே...

பொருநை:

பெரிய மனிதர்கள் செய்தால் நின்றுபோகும், நின்றுபோக வைப்பார்கள். யார் வைத்தார்கள் என்று கேளுங்கள்.

வடமராட்சி:

ஆர் வச்சது?

பொருநை:

உங்களுக்கே தெரியும்.

கொதிகலன்72:

சென்னை மாநாட்டில் ஆவியை யாராவது அளந்தார்களா?

நெல்லுக்குஇறைத்தநீர்:

இந்த ரோசி இதற்கு முன்னால் கழிவிலிருந்து எண்ணெய் எடுப்பேன் என்று பெட்ரோல்டிராகன் என்று ஒரு கம்பெனி நடத்தி, விஷக்கழிவு மூட்டையை ஊர் தலையில் கட்டிவிட்டுச் சிறைக்குப் போனவர். நமக்கு இது புதுசா? 1996இல் ராமர் பிள்ளை மூலிகை பெட்ரோலைப் பார்த்தவர்கள்தானே நாம். மந்திரியும் பேராசிரியரும் பக்கத்தில் நின்றுதான் பார்த்தார்கள்.

ராஜபாளையத்தான்:

சம்பந்தமில்லாமல் எங்கள் ஊர்ப் பக்கத்தை இழுக்காதீர்கள். இத்தாலிக்காரன் செய்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? இந்தத் தளத்தில் எந்த மோசடி பேச்சு வந்தாலும் கடைசியில் வண்டி ராஜபாளையத்தில்தான் வந்து நிற்கிறது.

நெல்லுக்குஇறைத்தநீர்:

நான் ஊரைச் சொல்லவே இல்லையே. நீங்கள்தான் இப்போது சொன்னீர்கள்.

ராஜபாளையத்தான்:

சொல்லாமல் சொல்வது தெரியாதா? ஐ.ஐ.டி.யில் சோதித்து, சி.பி.ஐ. வழக்கு வரை போன விஷயம். சட்டம் பார்த்துக்கொள்ளும். ஒரு மனிதர் செய்ததை வைத்து ஒரு வட்டாரத்தையே நக்கல் அடிப்பது கேவலம். பதிவை எடுங்கள்.

பொருநை:

ரோசி பெரும்பாலான வழக்குகளில் விடுதலையானவர். அதைச் சொல்ல மாட்டீர்கள்.

நெல்லுக்குஇறைத்தநீர்:

விடுதலையாகாதவற்றைச் சொல்லவா?

வடமராட்சி:

ரோசியின்ர சாமானை 2014இல லுகானோவில சோதிச்சதை மறந்திட்டியளே. 32 நாள் ஓடினது. இந்தமுறை தண்ணியும் இல்லை, ஆவியும் இல்லை. வெறும் சூட்டைக் கமெராவால பாத்தவை. வெளிக் குழாய் அலுமினா. அந்த அலுமினா எவ்வளவு கதிர்வீசும் எண்டு கமெராவுக்குப் பிழையான எண்ணைக் குடுத்தால், 1400 டிகிரி எண்டு காட்டுறது உண்மையில எவ்வளவோ குறைவாத்தான் இருக்கும். சந்தேகவாதி எண்டு பொருநை சொன்ன எசேனும் அந்த அறிக்கையில கையெழுத்து வச்சவர் தான். ஒரு தெர்மோகப்பிளைச் சரியா ஒட்டிப் பாத்திருந்தா முடிஞ்சிருக்கும்.

கொதிகலன்72:

ஏன் ஆவியை விட்டுவிட்டுக் கேமராவுக்கு ஓடினார்கள் என்று யோசித்தீர்களா? நாங்கள் 2011இல் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாததால். இது என் வெற்றி.

வடமராட்சி:

உங்கட வெற்றி?

கொதிகலன்72:

ஆமாம். சரி, ஃப்ளோரிடாவுக்கு வாருங்கள், அங்கே மறுபடி ஆவிதான். டோரல் என்ற ஊரில் ஒரு கிடங்கு. ஒரு மெகாவாட் என்று சொல்லி ஒரு வருடம் ஓட்டினார்கள். வட கரோலினாவின் இண்டஸ்ட்ரியல் ஹீட் கம்பெனி அதற்கு முன்பே 1 கோடி டாலருக்கு மேல் ரோசிக்குக் கொடுத்திருந்தது. ஒரு வருடம் முடிந்ததும் மீதி 8.9 கோடி டாலர் கொடு என்று 2016 ஏப்ரலில் ரோசி வழக்குப் போட்டார். அந்த வழக்கு ஆவணங்களில் அறிக்கை வெளியே வந்தது. அங்கேதான் வேடிக்கை.

தொடர்ந்து நான்கு வாரம் ஒவ்வொரு நாளும் தண்ணீர் 36,000 கிலோ. ஒரு நாள் கூடாமல் குறையாமல். ஆவியின் அழுத்தம் என்ற இடத்தில் 0.0 பார். தினமும் 0.0. நான் ஒரு வாரம் லாக் புக்கில் ஒரே எண்ணை எழுதியிருந்தால் இன்ஸ்பெக்டர் என் லைசென்ஸைக் கிழித்திருப்பார். அழுத்த வித்தியாசமே இல்லாமல் ஆவி எப்படிக் குழாயில் நகர்ந்தது? வாடிக்கையாளர் பக்கம் வெற்றிடம் வைத்து உறிஞ்சினார்களா? கேஜ் அழுத்தம், அதாவது காற்றழுத்தத்துக்கு மேலான அழுத்தம், சுழி என்று வைத்துக்கொண்டால், 102, 103 டிகிரியில் உலர்ந்த ஆவி. அழுத்தம் அதைவிடக் கொஞ்சம் கூடினாலும் அதே 103இல் வெறும் தண்ணீர். ஆக அந்த ஒரு 0.0இல் ஒரு மெகாவாட்டும் தொங்குகிறது. 2011இல் ஈரப்பத மீட்டர், 2015இல் 0.0. இடம் மாறியது, வித்தை மாறவில்லை.

அந்த ஒரு மெகாவாட் வெப்பம் எங்கே போனது? ஒரு சாதாரணக் கிடங்கு. உள்ளே ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒரு மெகாவாட்டைக் கூரைக்குக் கீழே விட்டால் அவர்கள் வெந்திருப்பார்கள். மாடியில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து விசிறியால் ஜன்னல் வழியே தள்ளினேன் என்றார் ரோசி. எங்கே அது என்றால் கழற்றியாயிற்று. ஆவியை வாங்கிய கம்பெனிக்குத் தலைவர் யார் என்று பார்த்தால் ரோசியின் வக்கீல். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

பொருநை:

சொல்ல வேண்டியதை மட்டும் விட்டுவிட்டீர்கள். 2017 ஜூலையில் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. எந்த நீதிமன்றமும் ரோசி ஏமாற்றினார் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. உரிமம் ரோசிக்கே திரும்பியது. ஏமாற்றுக்காரன் என்று தெரிந்தவனிடம் ஏன் சமரசம் போனார்கள்? யோசியுங்கள்.

சந்தேகப்பிராணி:

அவரும் 8.9 கோடியை விட்டுவிட்டார் அல்லவா? வெற்றி பெற்ற சாதனத்துக்கு உரிய பணத்தை யார் விடுவார்?

பொருநை:

பணம் முக்கியமில்லாதவர்.

நெல்லுக்குஇறைத்தநீர்:

அதனால்தான் வழக்குப் போட்டார்.

மட்டுறுத்துநர்:

இழை திசை மாறுகிறது. ஊர், வட்டாரம் பற்றிய கிண்டல் வேண்டாம். பொருநை எழுதிய ஒரு பதிவு நீக்கப்பட்டுள்ளது.

பொருநை:

என் பதிவு மட்டும். "ஆறாம் வகுப்பிலேயே நின்றுவிட்டீர்கள்" என்று எழுதியவர் பதிவு அப்படியே இருக்கிறது. இந்தத் தளத்தின் நடுநிலையைக் காந்த மோட்டார் இழையிலேயே பார்த்தவன் நான். அன்றைக்கும் இதே ஆள், இதே மட்டுறுத்துநர்.

கொதிகலன்72:

காந்த மோட்டார் இழையில் நான் கேட்ட கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை. வரிசையில் நிற்கவும்.

தம்பி, உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மீட்டர், கேமரா ஒன்றும் வேண்டாம். ஒரு வாளி. அதில் எடை போட்ட குளிர்ந்த தண்ணீர். ஆவிக் குழாயின் முனையை உள்ளே முக்கி, பத்து நிமிடம் விட வேண்டும். எடை எவ்வளவு கூடியது, சூடு எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். ஆவி உலர்ந்ததா ஈரமா என்பது தானே வெளிப்படும். உலர்ந்த ஆவி என்றால் ஒவ்வொரு கிலோவும் தன் 2257ஐக் கொட்டியிருக்கும், வாளி பொங்கும். சுடுதண்ணீர் என்றால் வாளி வெதுவெதுப்பாகும். எத்தனையோ பேர் ரோசியிடம் இதைச் சொன்னார்கள். செய்யவில்லை. ஒரு வாளி, ஒரு தராசு, ஒரு தெர்மாமீட்டர். ஏன் செய்யவில்லை?

பொருநை:

முதலில், தம்பி என்று கூப்பிடாதீர்கள். எனக்கும் பேரன் இருக்கிறான். இரண்டாவது, காப்புரிமை கிடைக்கும் முன் கண்டவர் கேட்ட சோதனையெல்லாம் செய்து காட்ட எந்த விஞ்ஞானியும் சம்மதிக்க மாட்டார்.

கொதிகலன்72:

வாளிக்கா காப்புரிமை? குழாய் முனை வெளியேதான் இருக்கிறது, பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லையே.

பொருநை:

617க்குப் பதில் வரவில்லை. மூன்றாவது முறை கேட்கிறேன்.

கொதிகலன்72:

617க்கு என்ன, தண்ணீர் 6.47 கிலோதான் போனது என்று யார் பார்த்தது? தொடக்கத்தில் பம்ப்பை ஒருமுறை எடை போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். எதிர் அழுத்தம் வந்தால் சின்ன பம்ப் இறங்கும். பாதித் தண்ணீர் போயிருந்தால் உங்கள் 617 எனக்கு 300. ஆனால் அது வேறு பேச்சு. மீட்டர் சரியா, தவறா?

பொருநை:

"போயிருந்தால்". அளந்தவர்கள் இரண்டு பேராசிரியர்கள், நீங்கள் "போயிருந்தால்". வாழ்க.

மின்பகுளி:

2015லிருந்து கூகுள் 1 கோடி டாலர் செலவழித்து முப்பது ஆராய்ச்சியாளர்களை வைத்துக் குளிர் இணைவைத் தேடிப் பார்த்து, 2019இல் நேச்சரில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியதை இங்கே யாரும் சொல்லவில்லை. அந்தக் குழுவின் பெர்லிங்கெட் விட்டுவிடாமல் தொடர்ந்து, 2025 ஆகஸ்டில் நேச்சரில் இன்னொன்று வெளியிட்டார். பல்லேடியத்தில் மின்வேதியியல் முறையில் டியூட்டீரியத்தை ஏற்றினால் இணைவு 15 விழுக்காடு கூடுகிறது என்று. நியூட்ரானை எண்ணித்தான் சொல்கிறார்கள்.

பொருநை:

பார்த்தீர்களா! நேச்சரிலேயே வந்துவிட்டது. ஐயங்கார் 1989இல் சொன்னதை இவர்கள் 2025இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

சந்தேகப்பிராணி:

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் குதிக்கவும். டியூட்டீரியத்தை முடுக்கி வேகமாகப் பல்லேடியத்தில் மோத விடுகிறார்கள். அதில் இணைவு நடக்கும் என்பது பல காலமாகத் தெரிந்தது. அது 15 விழுக்காடு கூடியது, அவ்வளவுதான். உள்ளே போட்டது 15 வாட். வெளியே வந்தது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. இதைக் குளிர் இணைவு என்று அவர்களே சொல்லவில்லை. அதனால்தான் எது இணைவு, எது குளிர் இணைவு என்று...

பொருநை:

15 விழுக்காடு கூடியதா இல்லையா?

சந்தேகப்பிராணி:

எதில் 15 விழுக்காடு?

பொருநை:

கூடியதா இல்லையா?

வடமராட்சி:

இனி 15க்கும் ஒரு பத்துப் பக்கம் போகும். நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்.

கொதிகலன்72:

அதில் ஆவி இல்லை. எனக்குக் கருத்தில்லை. தனி இழை போடவும்.

ராஜபாளையத்தான்:

மட்டுறுத்துநர் அவர்களுக்கு: மூலிகை பெட்ரோல் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. மூன்று தடவை புகார் கொடுத்தாயிற்று.

பொருநை:

கொதிகலன் ஐயாவின் பம்ப் கதைக்கு நாளை அறிக்கையின் வெப்பநிலை வரைபடத்தையே போடுகிறேன். 60 டிகிரியில் விழும் அந்த மடிப்பைப் பார்த்துவிட்டு, பம்ப் அந்த நொடியில் ஏன் திடீரென்று சோம்பேறியானது என்று சொல்லட்டும்.

கொதிகலன்72:

போடுங்கள். வரைபடத்தோடு ஹீட்டர் கரண்ட் எவ்வளவு என்று நிமிடத்துக்கு நிமிடம் எழுதிய தாளையும் சேர்த்துப் போடவும். தொடக்கத்தில் ஒருமுறை பார்த்த 300 வாட் எனக்கு வேண்டாம்.

நெல்லுக்குஇறைத்தநீர்:

ராஜபாளையத்தாருக்கு: எதை எடுக்கச் சொல்கிறீர்கள்? 1996ஐயா?